அப்பா போட்ட தரை

அரசியலையும் தேர்தல்களையும் பற்றியே எழுதிப் பழகிய ஒருவன் ஒரு வீட்டின் தரையைப் பற்றி எழுத முற்படுவது வாசகர்களுக்குச் சற்று விநோதமாகத் தோன்றலாம். நாற்பது ஆண்டுகாலப் பத்திரிகை வாழ்க்கையில் சீமெந்தைப் பற்றி நான் எழுதிய செய்திகள் விலையேற்றத்தையோ தட்டுப்பாட்டையோ பற்றியவையே. அந்தச் சீமெந்து மூடையிலிருந்து வெளியே வந்த பின்னர் அதற்கு என்ன நேருகிறது என்பதை எழுபது வயதைத் தாண்டிய பின்னர்தான் அறிந்துகொள்ள நேர்ந்தது.

2024 யூன் மாதத்தில் ஒரு நாட்காலை சாம்பல்தீவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அக்கா விறாந்தையில் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டதாக அயல்வீட்டுப் பெண் சொன்னார். எழுபத்தேழு வயதில் விழுவது என்பது சாதாரண விடயம் அல்ல. அன்றிரவே கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் பேருந்து ஏறினேன்.

சாம்பல்தீவு பெயரளவில்தான் தீவு. திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே சென்று உப்புவெளியைத் தாண்டினால் வரும் கரையோரக் கிராமம். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. தெற்கே உப்புவெளி, வடக்கே உப்பளங்களைக் கொண்ட நிலாவெளி. இந்த மண்ணிலும் காற்றிலும் உப்பு இருக்கிறது என்பதை எங்கள் முன்னோர் ஊர்ப்பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதை வாசிக்கவில்லை.

எங்கள் முதல் வீடு மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்டது. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி திருகோணமலைக் கரையைக் கடந்த சூறாவளி அதைக் கொண்டு போயிற்று. அதே சூறாவளிதான் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு ஒரு புகைவண்டியையும் கடலுக்குள் இழுத்துச் சென்றது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. விடிந்ததும் வீடு இருந்த இடத்தில் ஈரமணல் மட்டுமே இருந்ததை இன்றும் காண்கிறேன். கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, இனிக் கட்டுவது காற்றாலும் தண்ணீராலும் அசைக்க முடியாததாக இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தார்.

இரண்டு ஆண்டுகள் மிச்சம் பிடித்து 1966இல் கல்வீடு கட்டினார். சீமெந்து காங்கேசன்துறையிலிருந்து வந்தது. 1950இல் தொடங்கப்பட்ட அந்த ஆலையின் சீமெந்தில்தான் அன்று வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான கல்வீடுகள் எழுந்தன. மணலுக்கு எவரும் அலையவில்லை. கடற்கரை நானூறு யார் தூரத்தில் இருந்தது. மாட்டுவண்டியில் இருபது நடை மணல் வந்தது. தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்து. கம்பி பழைய இரும்புக் கடையிலிருந்து. பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலைத் தளத்தை விட்டுப் போனபோது விட்டுச் சென்ற இரும்பு அது என்பதில் அப்பாவுக்கு ஒரு பெருமை. உண்மையில் தரைக்குக் கம்பி தேவையே இல்லை. ஆனால் சூறாவளியைக் கண்டவரிடம் யார் அதைச் சொல்வது?

விறாந்தையும் அதன் முன்னே அகன்ற முற்றமும் ஒரே கொங்கிறீற்றாக வார்க்கப்பட்டன. விறாந்தைக்கு மேற்பூச்சாகக் காவிச் சாயம் கலந்த சிவப்புச் சீமெந்து. ஈரம் காயும் முன்னர் அப்பா தும்புக் கயிற்றை இழுத்துப் பிடித்துச் சதுரச் சதுரமாகக் கோடு பதித்தார். கயிற்றின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். வாசற்படியில் மேசன் கரண்டியின் நுனியால் 1966 என்று எழுதினார்.

அந்தத் தரையின் பிற்கால வரலாற்றை நான் செய்தியாளனாகவே அறிந்தேன். அக்கா அதை வாழ்ந்து அறிந்தார். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது அக்காவின் குடும்பம் கையில் அகப்பட்டதோடு வெளியேறி, படகேறி, மண்டபம் முகாமைச் சென்றடைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, எல்லை வேலி இல்லை. எருக்கலையும் நாயுருவியும் மூடியிருந்தன. காணி உறுதி எப்போதோ தொலைந்திருந்தது. எது யாருடைய வளவு என்று தெரியாமல் பலர் தடுமாறிய அந்த நாட்களில், அக்கா மண்வெட்டியால் மணலை விலக்கி வாசற்படியைக் கண்டுபிடித்தார். அதில் 1966 என்று இருந்தது. கிராம சேவையாளரை அழைத்து வந்து காட்டிய முதல் சாட்சி அதுதான்.

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அக்காவும் பிள்ளைகளும் தப்பிக்கொண்டார்கள். கடலை ஒட்டியிருந்த பல வீடுகளில் சுவர்கள் போய்ச் சீமெந்துத் தரைகள் மாத்திரமே மிஞ்சியிருந்ததைச் செய்தி சேகரிக்கச் சென்றபோது கண்டேன். மக்கள் அந்தத் தரைகளில் குந்தியிருந்து, இது குசினி, இது சாமி அறை என்று எனக்குக் காட்டினார்கள். தரை என்பது எங்கள் மக்களுக்கு எதுவாக இருக்கிறது என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

ஆனால் தரை உள்ளே அழுகிக் கொண்டிருந்தது. எண்பதுகளிலேயே சிவப்புப் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் தோன்றின. அப்பா அவற்றைச் சீமெந்துப் பாலால் அடைத்தார். அகதி வாழ்விலிருந்து திரும்பிய பின்னர் அத்தான் பெரிய வெடிப்புகளைக் கொத்திப் பூசினார். வடக்கு கிழக்கில் சீமெந்து மூடையோடு போகிறவன் சோதனைச் சாவடியில் காரணம் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையிலேயே, தொடர்ந்தும் கட்டுப்படுத்தப்படும் பொருட்களுள் சீமெந்தும் இரும்புக் கம்பியும் பெயர் குறிக்கப்பட்டிருந்தன. 1980களிலிருந்து திருகோணமலைத் துறைமுகக் கரையிலேயே சீமெந்து ஆலை ஒன்று இயங்கி வந்தபோதிலும் நிலைமை அதுதான். காங்கேசன்துறை ஆலையோ 1990இல் போரினால் நின்றுபோயிற்று.

2011இல் கனடாவிலிருந்து மருமகன் பணம் அனுப்பினான். பழைய தரையை உடைத்துப் புதிதாக வார்ப்பதா, அல்லது மேலேயே ரைல்ஸ் பதிப்பதா என்று கேட்டான். “உடைப்பானேன்? மேலே பதித்தால் போதும், செலவும் குறைவு, அக்காவும் வருந்தமாட்டா” என்று கொழும்பிலிருந்து தீர்ப்புச் சொன்னவன் நானே. பளபளவென்று ரைல்ஸ் வந்தது. மூன்று ஆண்டுகளில் தட்டினால் வெற்றோசை கேட்டது. பின்னர் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 2021இல் உடைத்துவிடலாம் என்று எண்ணினோம். மூடை ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த சீமெந்து, அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மூவாயிரத்தை எட்டியது. பிறகு பார்ப்போம் என்றோம். 2024இல் அப்படிக் கிளம்பி நின்ற ரைல்ஸ் ஒன்றின் விளிம்பிலேதான் அக்காவின் கால் தடுக்கியது. இதை எழுதத் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

அயற்கிராமத்திலிருந்து மேசன் ஒருவரை அழைத்து வந்தோம். வயது ஐம்பதுக்கு மேல். பதினொரு ஆண்டுகள் வளைகுடாவில் வேலை செய்தவர். வந்தவர் அளவுநாடாவை எடுக்கவில்லை. ஒரு சின்னச் சுத்தியலால் தரையைத் தட்டியபடி நடந்தார். பின்னர் முற்றத்தில் நேர்கோடாக ஓடிய செந்நிறக் கறையைக் காட்டினார்.

“ஐயா, இதுக்குக் கீழ கம்பி ஓடுது. கறல் பிடிச்சு வீங்கித் தரையைத் தூக்குது. மேல என்ன பூசினாலும் நிக்காது.”

அலவாங்கால் ஒரு துண்டைக் கிளப்பினார். அரை அங்குலக் கம்பி இருந்த இடத்தில் பழுப்புநிற இலைகளை அடுக்கிவைத்தாற்போல் கறல்தான் இருந்தது.

நல்ல கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்பு இலகுவில் துருப்பிடிப்பதில்லை. சீமெந்தின் காரத்தன்மை அதன்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை உடைத்துவிடும். இரும்பு கறலாக மாறும்போது முன்னர் அடைத்திருந்த இடத்தைப்போல் பல மடங்கு இடம் அதற்குத் தேவைப்படுகிறது. வேறு வழியின்றிக் கொங்கிறீற் வெடிக்கிறது. வெடிப்பினூடாக மேலும் ஈரமும் உப்பும் இறங்குகின்றன. அப்பாவின் கொங்கிறீற்றில் இந்த உப்பு வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கழுவாத கடற்கரை மணலோடும் உவர் கலந்த கிணற்றுநீரோடும் அது முதல்நாளே உள்ளே போய்விட்டது. சுனாமி செய்தது அதற்கு உதவி மட்டுமே.

“அங்கயும் இதே கதைதான் ஐயா” என்றார் மேசன். அவர் சொன்னதைப் பின்னர் வாசித்துச் சரிபார்த்துக்கொண்டேன். 1960களிலும் 70களிலும் எண்ணெய்ப் பணத்தில் அவசர அவசரமாக எழுந்த வளைகுடாக் கட்டடங்கள் பல, பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே வெடித்துச் சிதைந்தன. மணலில் உப்பு, தண்ணீரில் உப்பு, மேலே பாலைவன வெயில். கச்சேரி எழுதுவினைஞரின் சிறு வளவிலும் எண்ணெய் நாடுகளின் நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே பிழை நடந்திருக்கிறது. அவர்கள் உடைத்துக் கட்டினார்கள். நாங்கள் பூசினோம்.

அக்கா சம்மதிக்கவில்லை. கையைக் கட்டித் தொங்கவிட்டபடி விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்.

“தம்பி, வீடு போச்சு, கூரை போச்சு, உறுதியும் போச்சு. இது ஒண்டுதான் போகாமல் கிடந்தது. இதையும் நாங்களே உடைக்கிறதோ?”

நான் பதில் சொல்ல முயன்றேன். பாதுகாப்பு, வயது, வைத்தியச் செலவு என்று அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, “ரைல்ஸ் போடச் சொன்னதும் நீதானே?” என்றார். அதற்குமேல் எனக்குப் பேச வாயில்லை.

மறுநாள் காலை மேசன் வந்தபோது, முதல்நாள் கிளப்பிய துண்டை அக்கா மடியில் வைத்திருக்கக் கண்டேன். ஒரு விரலால் கறலை உரித்துக்கொண்டிருந்தார். ஏடு ஏடாகக் கழன்றது. “இதுக்குள்ள ஒண்டுமே இல்லையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்னர் மேசனைப் பார்த்து, “படியில எழுதின துண்டை மட்டும் உடையாமல் எடுத்துத் தருவியோ தம்பி?” என்று கேட்டார்.

உடைப்பு ஆறு நாட்கள் நடந்தது. அப்பா கயிற்றால் பதித்த கோடுகளைக் காட்டி, அவை எதற்கென்று மேசனிடம் கேட்டேன். கொங்கிறீற் காயும்போது சுருங்கும். சுருங்கும்போது எங்காவது வெடித்தே தீரும். வெடிப்பு எங்கே வரவேண்டும் என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானிப்பதற்காகத்தான் தரையை வெட்டுகிறோம் என்றார். நாலங்குலத் தரைக்கு எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு வெட்டு. ஆழம் ஓரங்குலமாவது வேண்டும். அப்பாவின் கோடுகள் பூச்சை மட்டும் தொட்டவை. அழகு இருந்தது, ஆழம் போதவில்லை.

ஓகஸ்ட் மாதம். திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் காலம். மேற்கிலிருந்து காட்டைக் கடந்து வரும் அந்த வரண்ட காற்றில் பிற்பகலில் வெப்பம் முப்பத்தைந்து பாகையைத் தாண்டும். வார்த்த கொங்கிறீற்றின் மேற்பரப்பிலிருந்து தண்ணீர், உள்ளேயிருந்து ஊறி வருவதைவிட வேகமாக ஆவியாகிவிட்டால், சில மணி நேரத்திலேயே மேலே வெடிப்பு விழும். வளைகுடாவில் கோடையில் இரவில்தான் வார்ப்பார்களாம். கலவைக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஐஸ் சீவல் போடுவார்களாம். லொறி வந்ததும் கலவையில் வெப்பமானியைக் குத்திப் பார்த்து, 32 பாகைக்கு மேலென்றால் லொறியையே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

“கொங்கிறீற்றுக்கு ஐஸ் குடுத்தாங்கள். எங்களுக்கு வெயில்தான்” என்று சிரித்தார் மேசன். கோடைகால நண்பகலில் வெளிவேலை செய்விப்பதைக் கட்டார் 2007இல் தடை செய்தது. தாம் போன புதிதில் தமது இடத்தில் அப்படியொரு சட்டம் இருக்கவில்லை என்றார். நானும் எங்கள் பத்திரிகையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் புள்ளிவிபரங்களை எத்தனையோ தடவை வெளியிட்டிருக்கிறேன். எந்தப் புள்ளிவிபரத்திலும் இந்த ஒரு வசனம் இருக்கவில்லை.

அதிகாலை மூன்று மணிக்கு வேலை தொடங்கியது. சல்லியை முதல்நாள் மாலையே நனைத்துச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். கிணற்றுநீர் வேண்டாமென்று குழாய்த் தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பியிருந்தார்கள். நிலத்தின் உப்பீரம் மேலேறாதிருக்கக் கீழே பொலித்தீன் விரிக்கப்பட்டது. கம்பி இல்லை. ஒரு மூடை சீமெந்துக்கு இருபத்தைந்து லீற்றர் தண்ணீர் மட்டும். கலவை இறுக்கமாக இருக்கிறதென்று உதவியாள் ஒரு வாளி நீரோடு வந்தபோது, மேசன் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. மிகையாக ஊற்றும் ஒவ்வொரு வாளியும் காய்ந்த பின்னர் நுண்துளைகளாக நின்று வலிமையைத் தின்றுவிடும். ஏழு மணிக்கு முன்னர் விறாந்தை முடிந்தது. வழுக்காதிருக்க மேலே தும்புக்கட்டையால் இலேசாக இழுத்துவிட்டார். கச்சான் எழும்புமுன் ஈரச்சாக்கு விரித்தாயிற்று.

அவர் தெரிவு செய்த சீமெந்து நிலக்கரிச் சாம்பல் கலந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் பறக்கும் சாம்பல் இப்போது இலங்கையில் சீமெந்தோடு சேர்க்கப்படுகிறது. உப்பு உள்ளே ஊடுருவுவதை இத்தகைய சீமெந்து நன்கு தடுக்கும். ஆனால் மெல்லவே வலுப்பெறும் என்பதால் கூடுதல் நாட்கள் நனைத்திருக்கவேண்டும். உரோமர்கள் எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கடலுக்குள் கட்டிய துறைமுக மேடைகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. அவற்றுள் இரும்பு இல்லை. சாம்பல்தீவில் சாம்பலால் தரை போடுகிறோம் என்று அக்காவிடம் சொன்னபோது, விழுந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தார்.

பதினான்கு நாட்கள், காலை, மதியம், மாலை என்று சாக்கை நனைப்பது என் வேலையாயிற்று. வாழ்நாளில் எந்த ஆசிரியர் தலையங்கத்துக்கும் நான் இவ்வளவு கவனம் எடுத்ததில்லை.

முற்றம் மீதியிருந்தது. விறாந்தையைவிட நான்கு மடங்கு பெரியது. அதற்கு மட்டும் பல லொறி மணல் வேண்டும். இப்போது எங்கள் மாவட்டத்தில் கட்டட மணல் என்றால் மகாவலி மணல்தான். கொட்டியாறுக் குடாவில் கடலோடு கலக்கும் அந்த ஆற்றின் மணல் அகழ்வைப் பற்றி, கரைகள் இடிந்து வயல்கள் போவதைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். எழுதியவனின் முற்றத்துக்கும் அதே மணல்தான் வரவேண்டும். விறாந்தைக்கு வேறு வழியில்லை. முற்றத்துக்குமா?

மேசனே ஒரு வழி சொன்னார். படலையிலிருந்து படி வரைக்கும் அக்கா நடக்க நாலடி அகலத்தில் ஒரு பாதை போதும். மற்றதை மண்ணாகவே விடலாம். கணக்குப் பார்த்து வேலை குறைத்துச் சொல்லும் மேசனை நான் அதற்குமுன் கண்டதில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் இன்னொரு நியாயமும் இருந்தது. எங்கள் கரையோர மணலுக்குள் மழைநீர் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. கிணற்றில் அள்ளுவது அதைத்தான். சுனாமிக்குப் பின்னர் கிழக்குக் கரையில் கிணறுகளைச் சுத்தம் செய்வதாக எண்ணி அளவுக்கு மீறி இறைத்ததால் உவர் மேலேறிய இடங்கள் உண்டு. அந்த வில்லை மீண்டும் தடிக்க மாரிமழை மண்ணுக்குள் போகவேண்டும். ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக எங்கள் முற்றம் அந்த மழையை வீதிக்கு அனுப்பிக் கொண்டிருந்தது. பகலில் குடித்த வெயிலை இரவில் விறாந்தைக்கு ஊதிக்கொண்டும் இருந்தது.

பாதை மட்டும் போட்டோம். உடைத்த கொங்கிறீற் துண்டுகளில் கம்பியை நீக்கி, பாதையின் கீழே நிரவினோம். அப்பாவின் தரையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

சென்ற மாரிக்கு அங்கே போயிருந்தேன். இரவு முழுக்க மழை. விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். முற்றத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. அக்கா ஈர்க்குமாற்றால் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. இடது கையால்தான் கூட்டுகிறார். 1966 என்று எழுதிய படித்துண்டு கிணற்றடியில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் வாளியை வைத்துவிட்டு, “அப்பா இருந்தால் உன்னை ஏசியிருப்பார்” என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. ரைல்ஸுக்கா, உடைத்ததற்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.